சுழல் கலையாத பெப்பர்மின்ட் குக்கீஸ்: வீட்டில் செய்ய முழுமையான வழிகாட்டி

கத்தியை முதல் முறை இறக்கும்போதுதான் இந்த குக்கீ தன் முகத்தைக் காட்டும். அதுவரை கையில் இருப்பது மாவு உருளை ஒன்றுதான். அதன் ஓரத்தை நறுக்கித் தள்ளியதும், சிவப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நடுப்புள்ளி வரை சுழன்று போவது தெரியும். அந்த ஒரு நொடிக்காகவே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதைச் செய்கிறேன்.

பார்க்க நுணுக்கமாகத் தெரிவதால் பலர் இதைத் தொடவே தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. இரண்டு நிற மாவும் எடையிலும் மென்மையிலும் குளிர்ச்சியிலும் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் சுழல் தானாகவே அமைந்துவிடும். ஒன்று இளகியும் மற்றொன்று இறுகியும் இருந்தால் எவ்வளவு தேர்ந்த கையாலும் அதைச் சீராகச் சுருட்ட முடியாது. கீழே வரும் படிகள் எல்லாமே இந்தச் சமத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

கைவேலை சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். மாவு ஃபிரிட்ஜில் இருக்கும் நேரம் எப்படியும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் முதல் நாள் மாலையில் மாவைச் சுருட்டி வைத்துவிட்டு மறுநாள் காலையில் சுடுவதுதான் வசதி. மாவை உருளையாக்கிக் குளிர வைத்து, வேண்டும்போது நறுக்கிச் சுடும் இந்த வகைக்கு ஐஸ்பாக்ஸ் குக்கீ என்றே ஒரு பழைய பெயர் உண்டு. மின்சார ஃபிரிட்ஜ் வீடுகளுக்கு வருவதற்கு முன்பு பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய பெட்டியின் பெயர் அது. இந்த குக்கீயில் பாதி வேலையைச் செய்வது குளிர்தான் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

தேவையான பொருட்கள்

ஏறக்குறைய 40 குக்கீகளுக்கான அளவு இது. கப் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் நிறுத்து எடுங்கள். மாவைக் கப்பில் அழுத்தி நிரப்புவதற்கும் தளர்வாக நிரப்புவதற்கும் வரும் வேறுபாடே மாவின் பதத்தை மாற்றிவிடும்.

உப்பில்லாத வெண்ணெய் – 225 கிராம்
ஐசிங் சர்க்கரை – 130 கிராம்
முட்டையின் வெள்ளைக்கரு – ஒன்று (சுமார் 30 கிராம்)
மைதா – 310 கிராம்
கார்ன்ஃப்ளோர் – 30 கிராம்
உப்பு – அரை டீஸ்பூன்
வெனிலா எசன்ஸ் – ஒரு டீஸ்பூன்
பெப்பர்மின்ட் எசன்ஸ் – முக்கால் டீஸ்பூன்
சிவப்பு ஜெல் கலர் – அரை டீஸ்பூனில் தொடங்கி ஒரு டீஸ்பூன் வரை
உருளையின் மேல் ஒட்ட, பருவெட்டான சர்க்கரை – ஒரு கைப்பிடி

இவற்றோடு பேக்கிங் தாள், பூரிக்கட்டை, அளவுகோல், மெல்லிய கூரான கத்தி ஆகியவை வேண்டும். அளவுகோலைப் பார்த்து வியக்க வேண்டாம். அது இல்லாமல் இந்த குக்கீயை நான் தொடங்குவதே இல்லை.

பேக்கிங் பவுடர் ஏன் இல்லை என்று கேட்கலாம். மாவு உப்பினால் கோடுகள் விரிந்து சுழல் கலங்கிவிடும். நமக்கு வேண்டியது வைத்த இடத்திலேயே நிற்கும் மாவு. மஞ்சள் கருவைத் தவிர்ப்பதற்குக் காரணம் நிறம். வெண்ணெயிலேயே லேசான மஞ்சள் இருக்கிறது. கருவும் சேர்ந்தால் வெள்ளைப் பட்டை மேலும் மஞ்சளாகி, சிவப்புக்கு எதிரே எடுப்பாக நிற்காது. முட்டையே வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதிலாக இரண்டு டேபிள்ஸ்பூன் பால் சேர்க்கலாம். குக்கீ இன்னும் கொஞ்சம் உதிரும் பதத்தில் வரும், சுவையில் குறையிருக்காது.

பெப்பர்மின்ட்டைத் தேர்ந்தெடுப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பெப்பர்மின்ட் என்பது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் கலந்து உருவான கலப்புச் செடி. அதன் இலை எண்ணெயில் மெந்தால் மிகுதியாக இருக்கிறது. ஸ்பியர்மின்ட்டின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற வேறொரு பொருள். அதனால் புட்டியில் வெறுமனே ‘மின்ட்’ என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். பெரும்பாலும் அது இரண்டும் கலந்ததாக இருக்கும். குக்கீயைக் கடிக்கும்போது பற்பசை நினைவுக்கு வருவது அதனால்தான். ‘பெப்பர்மின்ட்’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

மெந்தாலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது எதையும் உண்மையில் குளிர வைப்பதில்லை என்பது. நம் நரம்புகளில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற உணர்வி இருக்கிறது. மெந்தால் பட்டதும் அது குளிர் பட்டது போலவே மூளைக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. இந்த உணர்வியை மெந்தாலின் துணையோடு தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும், வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஓவனிலிருந்து வந்து சூடு முழுவதும் தணியாத குக்கீயைக் கடித்தாலும் நாக்கில் ஜில்லென்ற உணர்வு வருவது இதனால்தான்.

மெந்தால் எளிதில் ஆவியாகும். ஓவனில் அதன் மணம் ஓரளவு குறைந்துவிடும். ஆகவே மாவில் மணம் நீங்கள் விரும்புவதைவிட ஒரு படி தூக்கலாக இருக்கட்டும். அதை முகர்ந்துதான் கணிக்க வேண்டும். பச்சை மைதாவிலும் பச்சை முட்டையிலும் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் மாவை வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். எசன்ஸுக்குப் பதிலாகப் பெப்பர்மின்ட் எண்ணெய் வைத்திருப்பவர்கள் மூன்றே துளியில் தொடங்குங்கள். அதன் வீரியம் பல மடங்கு. உண்பதற்கு ஏற்றது என்று குறிப்பிட்ட எண்ணெயாக இருப்பது கட்டாயம். நறுமண விளக்கில் ஊற்றும் எண்ணெயைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

பெப்பர்மின்ட்டைச் சிவப்பு மாவில் மட்டும் சேர்ப்பது என் வழக்கம். வெள்ளை மாவில் வெனிலா. இரண்டிலும் பெப்பர்மின்ட் போட்டால் முதல் கடியிலேயே நாக்கு மரத்துவிடும், வெண்ணெயின் சுவை காணாமல் போய்விடும். ஒன்றில் மட்டும் போட்டால் குளிர்ச்சியும் வெண்ணெயின் இதமும் மாறி மாறி வரும்.

மாவு தயாரித்தல்

வெண்ணெயை முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை சரியான நிலை. உருகிய வெண்ணெயை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கிப் பயன்படுத்தினால் பழைய பதம் திரும்பாது. அதை வேறு சமையலுக்கு வைத்துக்கொண்டு புதிதாக எடுப்பது நல்லது.

வெண்ணெய், சலித்த ஐசிங் சர்க்கரை, உப்பு மூன்றையும் பீட்டரில் குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம் அடியுங்கள். கேக்குக்கு அடிப்பது போல் வெளுத்து நுரைக்கும் வரை அடித்தால் காற்று புகுந்து, ஓவனில் மாவு உப்பிக் கோடுகள் வளையும். எல்லாம் ஒன்றாகக் கலந்து வழவழப்பானால் போதும். பிறகு வெள்ளைக்கருவைச் சேர்த்து இன்னும் அரை நிமிடம் அடியுங்கள்.

பெரும்பாலான செய்முறைகள் மாவு முழுவதையும் தயாரித்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சிவப்பைப் பிசையச் சொல்கின்றன. நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். நிறம் சீராகப் பரவும்வரை பிசைந்து பிசைந்து சிவப்பு மாவு ரப்பர் போல் இழுத்தது. கையின் சூட்டில் வெண்ணெயும் இளகியது. தொடாமல் விட்ட வெள்ளை மாவு மிருதுவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சுருட்டியபோது ஒன்று நீண்டு மற்றொன்று கிழிந்தது. மைதாவை ஈரத்தோடு பிசையப் பிசைய அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலுத்து இறுகும் என்பது தெரிந்த செய்திதான். ஆனால் அது ஒரு பாதியில் மட்டும் நிகழ்ந்தால் என்னவாகும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அன்றிலிருந்து மைதா சேர்க்கும் முன்பே பிரித்துவிடுகிறேன். வெண்ணெய்க் கலவையை இரண்டு கிண்ணங்களில் சரிபாதியாக நிறுத்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 190 கிராம் வரும். ஒன்றில் வெனிலாவைக் கலந்துவிடுங்கள். மற்றொன்றில் பெப்பர்மின்ட் எசன்ஸையும் ஜெல் கலரையும் சேர்த்து, வெள்ளைக் கோடு ஒன்றுகூடத் தெரியாமல் போகும்வரை கலக்குங்கள். இதில் இன்னும் மைதா இல்லாததால் எவ்வளவு கலக்கினாலும் இறுகாது. மைதா சேர்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால் இப்போது வேண்டியதைவிட ஒரு மடங்கு அழுத்தமாகத் தெரியட்டும். தண்ணீராக இருக்கும் கலர் வேண்டாம். அது சிவப்பு மாவை மட்டும் இளக்கி, நாம் காக்க நினைக்கும் சமத்தைக் குலைத்துவிடும். ஜெல்லையும் அளவுக்கு மேல் ஊற்றினால் நாக்கில் கசப்புத் தட்டும். ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருக்கும்போது நிறம் தானாகவே சற்று ஆழமாகும். அதை நம்பி நிறுத்திக்கொள்ளலாம்.

மைதாவையும் கார்ன்ஃப்ளோரையும் ஒன்றாகச் சலித்து, 170 கிராம் வீதம் இரண்டு கிண்ணத்திலும் போடுங்கள். முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு. அப்படிச் செய்தால் கரண்டியைக் கழுவ வேண்டியதில்லை. உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். உதிரியாகத் தெரிந்தால் கையால் இரண்டு முறை சேர்த்து அழுத்தினால் கூடிவரும்.

தேய்ப்பதும் சுருட்டுவதும்

இரண்டு மாவையும் உருண்டையாக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு தேய்ப்பது வீண் போராட்டம். கல்லாக இறுகிய உருண்டை பூரிக்கட்டைக்கு மசியாது. மென்மையாக இருக்கும்போதே தேய்த்துவிட்டு, தகடாகக் குளிர வையுங்கள்.

ஒரு பேக்கிங் தாளில் 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள செவ்வகத்தைப் பென்சிலால் வரைந்து, கோடு அடிப்பக்கம் வருமாறு திருப்பிப் போடுங்கள். வெள்ளை மாவை நடுவில் வைத்து, மேலே இன்னொரு தாளை மூடி, கோட்டை எட்டும்வரை தேயுங்கள். மூலைகள் வட்டமாகவே வரும். கோட்டைத் தாண்டிய மாவை வெட்டி, குறைந்த மூலையில் ஒட்டி, மறுபடி ஒருமுறை தேய்த்தால் செவ்வகம் அமைந்துவிடும். கனம் ஏறக்குறைய 5 மி.மீ. இருக்கும். சிவப்பையும் இதே அளவில் தேயுங்கள். இரண்டையும் தாளோடு ஒரு டிரேயில் தட்டையாக வைத்து 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வெளியே எடுத்ததும் ஒன்றன் மேல் ஒன்றை வைக்க வேண்டும். எது அடியில் இருக்கிறதோ அதுவே உருளைக்கு மேலுறையாக வரும். நான் வெள்ளையை அடியில் வைப்பேன், பருவெட்டுச் சர்க்கரை வெள்ளையின் மேல் பனித்துகள் போலத் தெரியும் என்பதற்காக. வெள்ளைத் தகட்டின் மேல் ஈர விரலால் லேசாகத் தடவி, சிவப்புத் தகட்டைத் தாளோடு தூக்கிக் கவிழ்த்து, மேல்தாளை உரியுங்கள். சிவப்பை நீளவாட்டு விளிம்பு ஒன்றிலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளி வைத்தால் கடைசியில் வெள்ளை மட்டும் மடிந்து ஒட்டும், தையல் தெரியாது. எதிர்ப்பக்கம் வெளியே நீளும் சிவப்பைக் கத்தியால் நறுக்கிவிடலாம். பிறகு பூரிக்கட்டையை ஒரே ஒரு முறை, அழுத்தாமல், மேலே உருட்டுங்கள். இடையில் சிக்கிய காற்று வெளியேறி இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

உடனே சுருட்டத் தொடங்காதீர்கள். குளிர்ந்த தகடு வளையாது, உடையும். ஐந்து முதல் எட்டு நிமிடம் காத்திருந்து, ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் நேரம் வந்துவிட்டது. தொங்கிக் குழைந்தால் நேரம் கடந்துவிட்டது. பத்து நிமிடம் மறுபடி குளிரில் வைக்க வேண்டும். இந்தக் குறுகிய இடைவெளியைப் பிடிப்பதுதான் மொத்தச் செய்முறையின் உயிர்.

இரண்டு நிறமும் சமமாக முடிந்திருக்கும் நீளவாட்டு விளிம்பிலிருந்து தொடங்குங்கள். அந்த விளிம்பை விரல்நுனியால் மடித்து, நடுவில் வெற்றிடம் இல்லாதபடி அழுத்துங்கள். முதல் மடிப்பு இறுக்கமாக இல்லையென்றால் எல்லா குக்கீயிலும் நடுவில் ஓட்டை விழும். அதன் பிறகு பாயைச் சுருட்டுவது போல, அடித்தாளைத் தூக்கித் தூக்கி முன்னே தள்ளிக்கொண்டே போகலாம். மாவைக் கை தொடவே வேண்டியதில்லை. வழியில் சிறு விரிசல் விட்டால் விரலால் கிள்ளி மூடிவிட்டுத் தொடருங்கள். முடிவில் 30 செ.மீ. நீளமும் 5 செ.மீ. விட்டமும் உள்ள உருளை கிடைக்கும். உள்ளே இரண்டரைச் சுற்று இருக்கும்.

உருளையைப் பருவெட்டுச் சர்க்கரையில் புரட்டி, தாளில் இறுகச் சுற்றி, மிட்டாய்க் காகிதம் போல் இரு முனையையும் முறுக்குங்கள். ஃபிரிட்ஜில் குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கட்டும். ஓரிரவு இருந்தால் இன்னும் நல்லது. முதல் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உருட்டி வையுங்கள். இல்லையென்றால் சொந்த எடையில் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். சமையலறைத் தாள் சுற்றி வந்த அட்டைக்குழாயை நீளவாக்கில் கீறி அதற்குள் உருளையைப் படுக்க வைத்தால் இந்தக் காவலும் தேவைப்படாது.

நறுக்குவதும் சுடுவதும்

ஓவனை 175 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 160 போதும். உருளையின் இரு ஓரங்களையும் வெட்டித் தள்ளிவிட்டு, 7 மி.மீ. கனத்தில் வில்லைகளாக நறுக்குங்கள். கத்தியை முன்னும் பின்னும் அறுக்காமல் ஒரே அழுத்தில் நேராக இறக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கால் சுற்றுத் திருப்பினால் ஒரே பக்கம் நசுங்காது. ஐந்தாறு வெட்டுக்கு ஒருமுறை கத்தியைத் துடைக்காவிட்டால் சிவப்பு வெள்ளையின் மேல் இழுபடும்.

வில்லைகளை 4 செ.மீ. இடைவெளியில் டிரேயில் அடுக்கி, டிரேயோடு 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பலர் இந்தப் படியைத் தவிர்க்கிறார்கள். நறுக்கும்போது இளகிய வெண்ணெய் மறுபடி இறுகிவிட்டால், அது உருகிப் பரவுவதற்குள் ஓரம் வெந்து வடிவம் நிலைத்துவிடும். பதினைந்து நிமிடப் பொறுமைக்குக் கிடைக்கும் வட்டம் துல்லியமாக இருக்கும்.

10 முதல் 12 நிமிடம் சுடுங்கள். எட்டாவது நிமிடத்தில் டிரேயை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். மற்ற குக்கீகளுக்குப் பொன்னிறம் அடையாளம். இதற்கு அது எல்லை மீறியதன் அடையாளம். மேற்புறம் பளபளப்பு நீங்கி மங்க வேண்டும், ஓரம் தொட்டால் உறுதியாக இருக்க வேண்டும், அடிப்பக்கம் மட்டும் மிக இளம் பொன்னிறத்தில் இருக்கலாம். சிவந்துவிட்டால் வெள்ளைப் பட்டை பழுப்பாகும், சிவப்பு செங்கல் நிறமாகும். நடு இன்னும் மென்மையாகத் தெரிந்தாலும் எடுத்துவிடுங்கள். சூடான டிரேயிலேயே ஐந்து நிமிடம் விட்டால் இறுகிவிடும். பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றலாம். ஒவ்வோர் ஓவனுக்கும் ஒரு குணம் உண்டு என்பதால் முதலில் மூன்றே வில்லைகளைச் சுட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை உள்ளே அனுப்புங்கள்.

வெட்டித் தள்ளிய மாவுத் துண்டுகளை வீணாக்க வேண்டாம். பிசையாமல் சேர்த்து அழுத்தி உருட்டி நறுக்கினால் பளிங்குக்கல் போன்ற கோலத்தில் ஐந்தாறு குக்கீ வரும்.

அலங்காரம், வேறு நிறங்கள்

பெப்பர்மின்ட் மிட்டாயைப் பொடித்து உருளையில் ஒட்டிச் சுடலாமா என்று பலர் நினைப்பதுண்டு. செய்யாதீர்கள். மிட்டாய் ஓவனில் உருகி வழிந்து டிரேயில் ஒட்டி, ஆறியதும் கண்ணாடிச் சில்லாக நிற்கும். மிட்டாய் வேண்டுமென்றால், ஆறிய குக்கீயின் ஒரு பாதியை உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் தோய்த்து, ஈரம் காயும் முன் பொடியைத் தூவுங்கள். வெள்ளைச் சாக்லேட் எளிதில் கருகும். கொதிநீரின் ஆவியில் கிண்ணத்தை வைத்து மெல்ல உருக்குங்கள். அதில் எசன்ஸ் ஊற்றவே கூடாது. எசன்ஸில் இருக்கும் நீர் பட்டதும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். எண்ணெய் வடிவப் பெப்பர்மின்ட் ஒரு துளி என்றால் பாதகமில்லை.

செயற்கை நிறம் வேண்டாம் என்பவர்கள் பீட்ரூட் பொடி ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்து, அதே அளவு மைதாவைச் சிவப்புக் கிண்ணத்தில் குறைத்துக்கொள்ளலாம். பீட்ரூட்டின் நிறமி வெப்பம் தாங்காது என்பதால் பளிச்சென்ற சிவப்பு கிடைக்காது. ரோஜாவும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் வரும். எனக்கு அதுவும் அழகாகத்தான் தெரிகிறது. கோகோ பொடியையும் இதே கணக்கில் சேர்க்கலாம். பெப்பர்மின்ட்டும் கோகோவும் சேரும் சுவை, சிவப்பு நிறம் தரும் மகிழ்ச்சிக்குச் சற்றும் குறைந்ததில்லை.

சேமிப்பும் பரிசுப் பொதியும்

முழுவதும் ஆறிய பிறகே மூடுங்கள். லேசான சூடு இருந்தாலும் உள்ளே ஈரம் பூத்துச் சர்க்கரை கசியும். காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குகளுக்கு இடையே தாள் வைத்து அடுக்கினால் ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். வேறு குக்கீகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஓர் இரவுக்குள் எல்லாவற்றிலும் பெப்பர்மின்ட் மணம் ஏறிவிடும். பலவகைகளைச் சேர்த்துப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் இதைத் தனிப் பையில் முடிச்சிட்டு வையுங்கள்.

சுடாத உருளையைத் தாளிலும் அதன் மேல் பிளாஸ்டிக் உறையிலும் சுற்றினால் ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும். விருந்தினர் வருவதாகச் செய்தி வந்ததும் வெளியே எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, கத்தி இறங்கும் பதம் வந்ததும் வேண்டிய அளவு மட்டும் நறுக்கிக்கொண்டு மீதியை உடனே உள்ளே வைத்துவிடலாம். உறைந்த மாவு என்பதால் டிரேயை மறுபடி குளிர வைக்க வேண்டியதில்லை. சுடும் நேரத்தில் மட்டும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.